எட்டு நாள் கிடந்த காய்கள்

இது நடந்தது எண்பத்தைந்தாம் வருடம். மலேசியாவில் பகாவ் பட்டணத்திலிருந்து ஒன்பது மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் நானும் என் கணவரும் வேலை செய்துகொண்டிருந்தோம். அவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டப் போவார். எனக்குக் கொக்கோக் கொட்டகையில் வேலை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மகளுக்கு இரண்டு முடிந்திருந்தது.

கொக்கோ எங்கள் தோட்டத்துக்குப் புதிது. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அந்த நிலத்தில் நட்டிருந்தார்கள். கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பழுத்தால் மஞ்சளாகும். ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை சுற்றிய கொட்டைகள் வரிசையாக இருக்கும். அந்தச் சதை மங்குஸ்தீன் பழம் போல இனிக்கும். வேலைக்கு நடுவே நாங்கள் ஒன்றிரண்டை வாயில் போட்டுச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பாமல் கூடையில் போடுவோம், ஏனென்றால் கொட்டைதான் தோட்டத்துக்கு வேண்டியது.

அந்தக் கொட்டைகளைப் பெரிய மரப்பெட்டிகளில் கொட்டி, வாழை இலையும் சாக்கும் போட்டு மூடிப் புளிக்க வைக்க வேண்டும். தினமும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மரத்துடுப்பால் வாரி மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் உள்ளே கையை வைத்தால் வைத்திருக்க முடியாது, அவ்வளவு சூடு. வினிகர் நெடி கண்ணைக் கரிக்கும். ஆறு நாளில் வெளியே எடுத்து வெயிலில் பரப்பிக் காய வைத்து மூட்டை கட்டுவோம். சாக்லேட் செய்ய எங்கோ போகிறது என்று சொல்வார்கள். பளபளப்பான காகிதம் சுற்றிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்களே, அதற்கும் எங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருந்த இந்தப் பிசுபிசுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கொட்டகையில் ஒன்பது பெண்கள் இருந்தோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஒரு கூடுதல் பொறுப்பு. காய் பறிக்கிறவர்கள் எந்த நிரையில் குவித்தார்கள் என்று என்னிடம் சொல்வார்கள். நான் அதை எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் பெண்களை அங்கே கூட்டிப்போய் உடைக்க வைக்க வேண்டும். பறித்த மறுநாள் உடைத்தாக வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு. எந்தத் தோட்டத்திலும் மானேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். எந்த நாள் பறித்தது, எந்த நாள் உடைத்தது, எந்தப் பெட்டியில் போட்டது என்று ஒரு நோட்டில் நான் எழுதுவேன். சாயந்திரம், எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அதில் கையெழுத்துப் போடுவார்.

மண்டோர் கடுகடுப்பான மனிதர். ஐம்பது வயதிருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை. தப்பு செய்கிறவர்களை மருந்தடிக்கும் கும்பலுக்கு மாற்றிவிடுவார். புல்லுக்கு மருந்தடிக்கும் அந்த வேலைக்குப் போன பெண்களுக்கு நகம் கறுத்து உதிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு போகும் நாள் எனக்கு வந்துவிடக்கூடாது என்றுதான் தினமும் வேலைக்கு இறங்குவேன்.

ஒருநாள் மதியம், ஆற்றோரம் ஒரு குவியல் போட்டிருப்பதாகவும் குரங்கு வராமல் மட்டை போட்டு மூடியிருப்பதாகவும் காய் பறித்தவர்கள் வந்து சொன்னார்கள். எழுத நோட்டை எடுத்தேன். அதே நேரம் பிள்ளைக் கொட்டகை ஆயா ஓடிவந்தாள். என் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. நோட்டு எங்கே விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. தோட்டத்து வேனில் ஏற்றிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை கண் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்க நான்கு நாளாயிற்று. வீடு வர இன்னும் நான்கு நாள்.

திரும்பி வேலைக்கு வந்த காலையில், பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதுதான் அந்தக் குவியல் ஞாபகம் வந்தது. என்னோடு வேலை செய்த ஒரு அக்காவிடம் மட்டும் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தைரியசாலி. இருவரும் போய் மட்டையை விலக்கிப் பார்த்தோம். ஓடு நிறம் மங்கி, அங்கங்கே கறுத்துச் சுருங்கியிருந்தது. உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை வற்றிக் கொட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

"கொட்டிட்டுப் போயிடலாமாக்கா?" என்றேன்.

"இவ்ளோ காய எங்க கொட்டுவ? வாசம் காட்டிக் குடுத்துடும். ஒடச்சிப் பெட்டில போடு. நேத்துப் பறிச்சதுன்னு எழுது. யாரு பாக்கப் போறா" என்றார் அக்கா.

அப்படியே செய்தோம். நோட்டில் பொய்த் தேதி எழுதினேன். சாயந்திரம் மண்டோர் அதில் கையெழுத்துப் போடும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி மற்றவை போல நடந்துகொள்ளவில்லை. சாறு அதிகம் ஒழுகவில்லை. இரண்டாம் நாளே சூடேறிவிட்டது. புளிப்பு நெடியும் குறைவு. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். காய்ந்ததும் பெட்டி நம்பரைச் சாக்கில் எழுதி மற்ற மூட்டைகளோடு அடுக்கிவிட்டேன்.

அந்த மாதம்தான் காப்பிக்கடைத் தவுக்கே முதல்முறை வந்தார். சீன முதலாளிகளைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பகாவில் அவருக்குக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை இருந்தது. அவருடைய அப்பா ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்ததால் இவர் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சுற்றிலும் கொக்கோ காய்க்கிறது, ஆனால் சாக்லேட் மட்டும் கப்பலில் வருகிறதே, நாமே செய்து பார்த்தால் என்ன என்று அவருக்கு ஒரு ஆசை. துரையிடம் கேட்டு இரண்டு மூட்டை வாங்கிப்போனார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். நேராகக் கொட்டகைக்கு வந்து, ஒரு மூட்டையின் சாக்கை விரித்துக் காட்டினார். அதில் என் கையெழுத்தில் அந்தப் பெட்டி நம்பர்.

"இது யாரு செஞ்சது?"

மண்டோர் என்னைக் காட்டினார்.

"தங்கச்சி, ஒரு மூட்ட புளிப்புலா. எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் அப்படித்தான், வாய்ல வைக்க முடியல. இந்த மூட்ட அப்படி இல்ல. இதுக்கு என்னா செஞ்சீங்க?"

அவர் குறை சொல்ல வரவில்லை, பாராட்ட வந்திருக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணுக்கு நோட்டிலிருந்த பொய்த் தேதிதான் தெரிந்தது. பக்கத்தில் மண்டோர் வேறு நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல தவுக்கே. எப்பவும் செய்றதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். அதே பெட்டியில் புளித்த கொட்டை இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார். பெட்டியின் மரத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஏதாவது கேட்பார். அன்றைக்கு மழை பெய்ததா, எந்த மரத்துக் காய், வாழை இலையா சாக்கா, யார் துடுப்புப் போட்டது. நான்கு வருடமாக அந்த வேலை செய்கிறேன், எங்கள் வேலையைப் பற்றி ஒருவர் இத்தனை கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நானோ ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் துரை ஒருநாள் பெரட்டில் வந்து சொன்னார். கொக்கோ வாங்குகிற கம்பெனி புளிப்பு அதிகம் என்று மறுபடி திருப்பிவிட்டதாம். மாதக் கடைசியோடு கொட்டகையை மூடப்போகிறார்கள். பச்சைக் கொட்டையை வேறு தோட்டத்துக்கு லாரியில் அனுப்பிவிடுவார்கள். கொட்டகைப் பெண்கள் ஒன்பது பேரும் மருந்தடிக்கும் கும்பலுக்குப் போக வேண்டும். எங்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து மாதம். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு இரண்டாம் நாள் தவுக்கே வந்தார். இந்த முறை மூட்டை வாங்க வரவில்லை. கொட்டகை வாசலில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

"முடியலலா தங்கச்சி. எல்லா மூட்டையும் வறுத்துப் பாத்தாச்சு. எல்லாம் புளிப்பு. அந்த ஒண்ணு மட்டும்தான் நல்லா வந்திச்சு. என்னமோ கனவு மாதிரி வந்திச்சு, போயிடுச்சு. விட்டுடப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் எழுந்தார். அதைச் சொல்வதற்காக ஒன்பது மைல் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். எனக்கு அதைத் தாங்கமுடியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று. மண்டோர் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பேசினால் என் வேலை போகும், பொய்த் தேதிக்குக் கையெழுத்துப் போட்ட மண்டோருக்கும் கேடு. பேசாவிட்டாலும் எல்லோருக்கும் கேடுதான். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தவுக்கே, அந்தக் காய் எட்டு நாள் ஆத்தோரம் கெடந்திச்சு. நான் மறந்துட்டேன். பொய்த் தேதி எழுதிட்டேன். இத்தன மாசமா உங்ககிட்ட பொய் சொன்னேன்."

தவுக்கே என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மெல்ல, "எட்டு நாளா? ஒடைக்காமலா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் மண்டோர் பக்கம் திரும்பினேன். "மன்னிச்சிடுங்க. உங்கள ஏமாத்திட்டேன்" என்றேன்.

மண்டோர் என்னைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என்னை யாரும் ஏமாத்தலம்மா. அன்னைக்கே தெரியும். நீ ஒடச்சுப் போட்ட ஓடு ஆத்தோரம் கறுத்துக் கெடந்திச்சே, எனக்குக் கண்ணு இல்லியா? புள்ளயோட ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தவகிட்ட என்னத்தக் கேக்கறது. கையெழுத்துப் போட்டேன்."

நான் அழுதுவிட்டேன். நான்கு வருடம் அந்த மனிதரைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். அவர் எனக்காக ஒரு பொய்யை எடுத்துத் தன் கையெழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று மாதம் நடமாடியிருக்கிறார்.

அன்றே மண்டோரும் தவுக்கேயும் நானும் துரையிடம் போனோம். மண்டோர்தான் பேசினார். தப்புத் தேதிக்குக் கையெழுத்துப் போட்டது நான், என்னை என்ன செய்வதானாலும் செய்யுங்கள், ஆனால் ஒரே ஒரு தடவை எட்டு நாள் போட்டு உடைத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்றார். துரை வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு குவியல், ஒரே ஒரு பெட்டி என்று சொன்னார். தவுக்கே தன் பங்குக்கு, இந்தப் பெண்கள் கையால் செய்வதாக இருந்தால்தான் நான் வாங்குவேன், மருந்தடிக்க அனுப்பிவிட்டால் எனக்கு உங்கள் கொட்டையே வேண்டாம் என்றார். ஒரு சின்னக் காப்பிக்கடைக்காரர் தோட்டத்துத் துரையிடம் அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த எட்டு நாளும் காலையும் மாலையும் போய்க் குவியலைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் உடைத்தோம். ஆறு நாள் புளித்தது. நல்ல வெயில் அடித்தது. காய்ந்த கொட்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து தவுக்கே பார்த்தார். உள்ளே நல்ல பழுப்பு, மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தது. "ஞாயித்துக் கெழம எல்லாரும் கடைக்கு வாங்க. நீங்க பாக்கணும்" என்றார்.

ஒன்பது பெண்களும் பஸ் ஏறிப் பகாவுக்குப் போனோம். மண்டோரும் வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கடையின் பின்கட்டில் காப்பி வறுக்கும் இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கொட்டை அதற்குள் இருந்தது. முதலில் புளிப்பு வாசம் வந்தது. பிறகு சுட்ட ரொட்டி மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு வந்த வாசத்துக்கு எங்கள் யாரிடமும் பெயர் இல்லை.

வறுத்ததை உடைத்து முறத்தில் போட்டுக் கொடுத்தார். அக்காவும் நானும் புடைத்தோம். தொலி பறந்தது, பருப்பு நின்றது. அதைக் கொண்டுபோய்த் தவுக்கே எதில் போட்டார் தெரியுமா, மாவாட்டும் கிரைண்டரில். சிரம்பானில் ஒரு தமிழர் கடையில் வாங்கியதாம். இட்லிக்கு அரைக்கிற அதே கல். உள்ளே கொக்கோப் பருப்பு மட்டும்தான். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை, எண்ணெய் விடவில்லை. கல் கறகறவென்று சுற்றியது. முதலில் பொடி, பிறகு ஈர மண் போல ஒன்று. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது இளகி, பளபளத்து, கல்லைச் சுற்றிக் குழம்பாக ஓட ஆரம்பித்தது.

"தண்ணி எங்கேருந்து வந்திச்சு?" என்றாள் அந்த ஐந்து மாதக்காரி, பயந்துபோன குரலில்.

"அதுக்குள்ளேயே இருக்குலா. அது தண்ணி இல்ல, கொட்டையோட நெய்" என்றார் தவுக்கே.

காய்ந்து கல்லாகக் கிடந்த அந்தக் கொட்டைகளை நான்கு வருடம் வாரியிருக்கிறேன், மிதித்திருக்கிறேன், மூட்டையில் திணித்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும் என்று யார் நினைத்தது? கோயில் கருவறையில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அது முழுதாக அரைபட இரண்டு நாள் ஆகும் என்றார். முதலிலேயே அரைத்து ஆற வைத்திருந்த ஒரு தட்டை, அதே பெட்டிக் கொட்டைதான், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தார். சர்க்கரையும் கொக்கோவும் மட்டும். கத்தியால் தட்டினார், படக்கென்று முறிந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு வைத்தார். முதல் துண்டு மண்டோருக்கு, இரண்டாவது எனக்கு.

வாயில் வைத்ததும் முதலில் கசந்தது. கரையக் கரைய அந்தக் கசப்புக்குள்ளிருந்து ஒரு பழ ருசி எழுந்து வந்தது. உடைக்கும்போது சப்புவோமே, அந்த வெள்ளைச் சதையின் ருசி. அத்தனை சூட்டிலும் நெருப்பிலும் கல்லிலும் போகாமல் அது அங்கேயே இருந்திருக்கிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒருத்தி வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள், பிள்ளைகளுக்கு. அதைப் பார்த்து எல்லோரும் மீதியை முடிந்துகொண்டோம். மண்டோர் வாயை மெல்ல அசைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் எங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை.

தவுக்கே ஒரு தட்டைத் துரைக்குக் கொடுத்தனுப்பினார். துரை அந்தக் கொட்டையைக் கம்பெனிக்கும் அனுப்பிப் பார்த்தார். இந்த முறை அது திரும்பி வரவில்லை. கொட்டகையை மூடவில்லை. காயை எட்டு நாள் போட்டு உடைப்பதே தோட்டத்து வழக்கமாயிற்று. நோட்டில் அதற்கென்று புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டுத் தந்தார் மண்டோர். பிறகும் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆனால் அதன்பின் அவரைக் கண்டு நான் பயந்ததும் இல்லை. தவுக்கே மாதம் இரண்டு மூட்டை வாங்கிக் கொஞ்சமாகச் செய்தார். காப்பிப்பொடி கட்டும் காகிதத்தில் சுற்றி, எங்கள் கொட்டகைப் பெண்கள் செய்தது என்று மூன்று மொழியில் எழுதி விற்றார். தமிழ் வரியை என்னை எழுதச் சொன்னார்.

தொண்ணூறுகளில் கொக்கோ மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாங்கள் சிரம்பானுக்கு வந்துவிட்டோம். தவுக்கேயும் மண்டோரும் இப்போது இல்லை. என் பேரப்பிள்ளைகள் சாக்லேட்டைப் பிரித்து இரண்டு கடியில் தின்றுவிட்டு ஓடுகிறார்கள், நான் அதற்காக அவர்களைத் திட்டுவதில்லை. ஆனால் முகம் சுளித்துக்கொண்டு நிற்கிற யாரையாவது பார்த்து இவர் இப்படித்தான் என்று நான் முடிவுகட்டப் போகும்போதெல்லாம், எதுவுமே தெரியாதவர் போல அந்த நோட்டில் குனிந்து கையெழுத்துப் போட்ட ஒரு மனிதர் என்னைத் தடுத்துவிடுகிறார்.